இரண்டு இடத்திலும் இருந்தது

வீட்டுத் தலைவிக்கு அன்புடன் எழுதுவது. உன் பல்வலியும் மாமாவின் இருமலும் தணிந்தனவா? நான் நலம், தூக்கம்தான் போதவில்லை.

எங்கள் அலுவலகம் கூட்டம் மேல் கூட்டம் போட்டு ஒரு வரலாற்று முடிவை எடுத்தது: சர்வரில் இருக்கும் 'பழையது' என்ற ஃபோல்டரை அழிப்பது.

"இங்க அழிச்சா என்னய்யா? பக்கத்துக் கட்டடத்து சர்வர்ல இன்னொரு காப்பி இருக்கே" என்றார் மேனேஜர்.

"அது கண்ணாடி மாதிரி சார். இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும்" என்றேன் நான்.

"நீ நிழலப் பாத்தே பயப்படுற ஆளு" என்று அவரே பட்டனைத் தட்டினார்.

எங்கள் சர்வர் எதைச் செய்வதற்கு முன்பும் குறிப்பெழுதிக்கொள்ளும்; நடுவில் கரண்ட் போனாலும், வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து மீதியை முடித்துவிடும், வேலை அரைகுறையாக நிற்காது. அதனால் இரண்டு இடத்திலும் மிகச் சுத்தமாக அழிந்தது.

கவலைப்படாதே, என் வேலைக்கு ஆபத்தில்லை. பாப்பா தவழும் வீடியோக்களை மட்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று அதில்தான் போட்டிருந்தேன். உன் போனில் ஏதாவது மிச்சமிருக்கிறதா பார். இடமில்லை என்றபோது அழிக்கச் சொன்னவனும் நான்தான். இல்லாவிட்டால் அவள் தவழும்போது புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. சாப்பிடும்போது அதைத்தான் பார்ப்பேன். மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

பின்குறிப்பு: உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பாப்பா நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய்.