பதினேழாம் லோரி நின்ற நான்கு நிமிடம்

7 ஜூலை 2025, திங்கள்

இன்று நாற்பத்தொரு லோரிகள் என் கணினிக்குள் ஓட ஆரம்பித்தன. வடக்கு சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிறவை. ஒவ்வொன்றின் ஆறு மாத ஜிபிஎஸ் ஓட்டமும் என் கையில் இருக்கிறது. டிரைவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

பழைய லோரிகளைத் தடை செய்தால் எவ்வளவு கார்பன் குறையும்? டீசலில் கலக்கும் பாமாயில் அளவைக் கூட்டினால்? தேவையில்லாத சுற்றுகளை வெட்டினால்? மூன்றையும் ஓட்டிப் பார்த்து அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும். என் பெயர் முதலில் வரப்போகும் முதல் அறிக்கை. ஷா ஆலாமில் குளுகுளு அறையில் உட்கார்ந்து லோரி ஓட்டுகிறேன். எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராது என்பது அப்பாவுக்குத் தெரியும். இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

10 ஜூலை, வியாழன்

பிடித்துவிட்டேன்!

பதினேழாம் எண் லோரி. புக்கிட் ரோத்தானில் நான் பிறந்து வளர்ந்த எங்கள் தோட்டத்திலிருந்தே கிளம்புவது. செவ்வாய், வியாழன், சனி மட்டும் நேர்வழியை விட்டு விலகி தஞ்சோங் காராங் கடைவரிசைக்குள் நுழைகிறது. காலை ஆறே முக்காலுக்கு நான்கு நிமிடம் நிற்கிறது. ஆலையில் குலையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, பதினொன்றே முக்காலுக்கு மறுபடி அங்கேயே. ஒவ்வொரு தடவையும் ஆறு கிலோமீட்டர் சுற்று. மார்ச்சிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

வரைபடத்தில் அங்கே ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. டீசல் இறக்குகிறான், வேறென்ன! நான்கு நிமிடத்தில் ஒரு கேன் நிறைந்துவிடும்.

எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் உமாசுதனிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பாராட்டுவதற்கு மட்டும் தமிழில் பேசுவார். “நல்லாப் பிடிச்சிட்டீர் மவுரீன். லோரிக் கம்பெனிக்கு எழுதிப்போடும்.” கையோடு எழுதிவிட்டேன்.

சாயந்திரம் அம்மாவுக்குப் போன். சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருடம் ஆகிறது. சர்ச் வேன்தான் ரத்தம் கழுவக் கூட்டிப் போகிறது. “வேன் வந்துச்சாம்மா?” “வந்துச்சு லா.” அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

15 ஜூலை, செவ்வாய்

சுற்றுகளை எல்லாம் வெட்டிவிட்டு ஓட்டினேன். கார்பன் நான்கு சதவீதம் இறங்கியது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

31 ஜூலை, வியாழன்

கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். பதினேழாம் லோரி டிரைவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். இனி எந்த லோரி பாதை மாறினாலும் தண்டனையாம். எனக்கு நன்றி வேறு.

டிரைவர் பெயர் அப்பளசாமி.

என்ன இது? எங்கள் லயத்து சாமி மாமாவா? அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். தோட்டத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரர். அவரா டீசல் திருடுகிறார்? இப்படியும் இருக்குமா?

அவர் மலாயில் எழுதிக் கொடுத்த விளக்கத்தையும் இணைத்திருக்கிறார்கள். நான் திறக்கவில்லை. தெரிந்த மனிதர் கெஞ்சுவதை எந்த முகத்தோடு படிப்பது?

அம்மாவிடம் கேட்கலாமா? வேண்டாம். ‘நீயா மாட்டிவிட்டே’ன்னு கேட்டுட்டா என்ன பதில் சொல்லுவேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வேன் ரிப்பேராம். பக்கத்து வீட்டு விமலா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டாளாம். “காத்து நல்லா இருந்துச்சு லா” என்கிறாள் அம்மா. அறுபத்து மூன்று வயதில் மோட்டார் சவாரி!

14 ஆகஸ்ட், வியாழன்

புத்ராஜெயாவில் அரசாங்க அதிகாரிகள் முன் அறிக்கையை வாசித்தேன். கைதட்டினார்கள். பதினேழாம் லோரியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். அம்மாவுக்குப் போன் பண்ணவில்லை. நாளைக்கு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத வருமா பார்க்கிறேன்.

காலையில் விமலா போன். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்றாள். போய்ச் சேர்ந்தபோது முகம் வீங்கி, மூக்கில் குழாய். நுரையீரலில் நீர். வியாழனும் போகவில்லை, சனியும் போகவில்லை.

“ஏன் போவல? வேன் என்ன ஆச்சு?”

விமலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “வேனா? வேன் டிரைவருக்கு கண்ணு ஆப்பரேசன் பண்ணி, மார்ச்சுலயே நின்னு போச்சே அக்கா. சாமி மாமாதான் லோரியில கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருந்தாரு. அவர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. எனக்கும் புதன்லேருந்து காலை ஷிப்டு. யாரு கொண்டுபோய் விடுவா?”

நான் கேட்டேன்: “காலையில ஆறே முக்காலுக்கு இறக்கி விடுவாரா?”

“ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும்.

செவ்வாய், வியாழன், சனி. அம்மாவின் நாட்கள். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், உறைக்கவில்லை. அந்த வொர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் டயாலிசிஸ் மையமாம். இரண்டு வருடமாக ஒரு நாள் கூடப் போனதில்லையே நான், எப்படித் தெரியும்? வெறும் வண்டின்னு போட்டேன். வெறும் வண்டியா அது? எங்கம்மா உக்காந்திருந்தாங்க.

18 ஆகஸ்ட், திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கடிதத்தைத் திறந்தேன். பதினெட்டு நாளாக என் பெட்டியிலேயே கிடந்தது. அவர் மலாயில் எழுதியது எனக்குத் தமிழில்தான் கேட்கிறது:

‘நான் டீசல் திருடவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓர் அம்மாவுக்கு ரத்தம் கழுவவேண்டும். போகும்போது இறக்கிவிட்டேன், வரும்போது ஏற்றிக்கொண்டேன். ஆள் ஏற்றக்கூடாது என்று தெரியும். தப்புதான். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். மகளுக்குத் தெரியவேண்டாம்.’

நான்கு தடவை படித்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

அம்மா கண் திறந்து பேசுகிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்னை ஷா ஆலத்துக்கு இழுத்துட்டுப் போயிருவ. அந்த மாடி வீட்டுல நான் யாரு முகத்தப் பாக்கறது?” பிறகு, “என் தலகாணி லோரியில இருக்கு. முதுகு வலிக்குதுன்னு சாமி போட்டு வச்சாரு. வாங்கிட்டு வா.”

கம்பெனிக்கு எழுதியது நான்தான் என்று சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

சாமி மாமா வீட்டுக்குப் போனேன். இப்போது துறைமுகத்தில் கன்டெய்னர் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். அவர் மனைவி புஷ்பா அத்தை கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விட்டார். அது நியாயம்.

உட்காராமலே சொன்னேன். “மாமா, கம்பெனிக்கு எழுதினது நான்தான்.”

“தெரியும் பாப்பா.”

“தெரியுமா?”

“அவுங்க வெளக்கம் கேட்டுக் குடுத்த சூராட்டு கடுதாசியில ஒம் பேரு போட்டிருந்துச்சே. மவுரீன்னு இந்தப் பக்கம் எத்தன பேரு படிச்சவங்க இருக்காங்க?”

அப்படியானால் அந்தக் கடிதம்? ‘மகளுக்குத் தெரியவேண்டாம்’ என்று எழுதினாரே — தன் வேலையைப் பறித்தவள் நான் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். திருடன் என்ற பெயரை நான் கொடுத்தேன். அவர் அப்போதும் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

வாய்விட்டு அழுதேன். அவர் சங்கடப்பட்டு தலையணையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பச்சைப் பூப்போட்ட உறை, துவைத்து வைத்திருந்தார்கள்.

வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. ஆள் ஏற்றியது குற்றம்தானே என்று ஒரே வரியில் பதில்.

12 செப்டம்பர், வெள்ளி

மூன்று வாரமாக நானே அம்மாவைக் கூட்டிப் போகிறேன். வாரத்துக்கு முன்னூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். என் காரை நாற்பத்திரண்டாம் வண்டியாகக் கணினிக்குள் விட்டேன். லோரியின் சுற்றை வெட்டியதில் வாரத்துக்கு மிச்சமான கார்பன் இருபத்தொன்பது கிலோ. என் கார் கக்குவது அறுபத்தாறு.

உமாசுதனிடம் காட்டினேன். கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். “இது ஒரு வீட்டுக் கதைதானே?”

“மத்த நாற்பது லோரிலயும் என்ன ஏறுதுன்னு நமக்குத் தெரியுமா டாக்டர்?”

அறிக்கையைத் திரும்பப் பெறச் சம்மதித்தார். டிரைவர்களை நேரில் பார்த்துக் கேட்காமல் இனி ஒரு சுற்றையும் வெட்டுவதில்லை. புத்ராஜெயாவுக்குக் கடிதம் நான் எழுதினேன். தவறு யாருடையது என்பதையும் எழுதினேன்.

27 செப்டம்பர், சனி

இன்று நான் போகவில்லை. சனிக்கிழமை தன் நாள் என்று சொல்லிவிட்டார் சாமி மாமா. தன் மச்சானின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாராம். நான் வேண்டாம் என்றேன், அம்மா கேட்கவில்லை. அவளுக்கு என் ரிவர்ஸ் மேல் நம்பிக்கை இல்லை.

பதினொன்றே முக்காலுக்குப் போன் பண்ணினேன்.

“ஏறிட்டியாம்மா?”

“ஏறிட்டேன்.”

“தலகாணி?”

“இருக்கு லா.”

பின்னால் கார் கதவு சாத்தும் சத்தம். பிறகு சாமி மாமாவின் குரல், சிரிப்போடு: “பாப்பாகிட்ட சொல்லுங்க, நாலு நிமிஷம்தான் நின்னேன்னு.”