வேல்ராஜா துக்கம் கேட்க வந்தான்

மாதுங்கா, பம்பாய்
20.5.1968

அன்பான அசரியாவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. உன் மனைவி மெட்டில்டாவின் அடக்கத்துக்கு நான் வராமல் போனதில் உனக்கு இன்னும் வருத்தம் இருக்கும். லீவு கிடைக்கவில்லை என்று அப்போதே எழுதினேன். வருஷம் ஒன்றாகிவிட்டது. மறுபடி படம் வரையப் பேனாவை எடு.

நம் படக்கதைக்குப் புது வில்லன் கிடைத்துவிட்டான். நம் கதாநாயகன் ராஜவேலைப் பிடிக்க முடியாத விஞ்ஞானி ஒருவன், கண்ணாடியிலிருந்து அவனைப் போலவே இன்னொருவனை உண்டாக்குகிறான். பெயர் வேல்ராஜா. எல்லாம் தலைகீழ். இடதுகைக்காரன். ராஜவேலுக்கு இடது கன்னத்தில் மச்சம், இவனுக்கு வலதில். துக்கம் வந்தால் சிரிப்பான். நல்லது செய்யத்தான் ஓடி வருவான், கெடுதலில் முடியும். மொத்தம் எட்டு வாரம். ராஜவேலுக்கு என் முகத்தைத்தானே போட்டாய், இவனுக்கு அதையே திருப்பிப் போட்டுவிடு.

உன்
எட்மண்ட்


சேலையூர், தாம்பரம்
16.7.1968

அன்புள்ள எட்மண்ட்,

வருத்தமெல்லாம் இல்லை. ஸ்கூல் விட்டு வந்தால் வீட்டில் சத்தமே இல்லை, அவ்வளவுதான். மெட்டில்டாவின் நிலைக்கண்ணாடி முன்னால் உன் போட்டோவை வைத்து வரைந்தேன். பத்திரிகையில் நாலு வாரம் வந்துவிட்டது. வாசகர்களுக்கு ராஜவேலைவிட இவனைத்தான் பிடித்திருக்கிறதாம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செம்பாக்கம் ஏரிக்கரை வழியாக வந்தேன். நல்ல வெயில். எதிரே நீ வந்தாய். ஒரு வரி எழுதாமல் வந்துவிட்டாயே என்று கையைப் பிடிக்கப் போனேன். இடது கையை நீட்டினான். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. "போய்ட்டு வரேன் அசரியா" என்றான், அப்போதுதான் வந்தவன். மெட்டில்டாவுக்குத் துக்கம் கேட்க வந்ததாகச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை.

ஆனால் எட்மண்ட், அவன் வந்தான்.

அசரியா


பம்பாய்
25.7.1968

அசரியா,

பத்திரிகை படித்த எவனோ மச்சத்தை ஒட்டிக்கொண்டு உன்னிடம் விளையாடுகிறான். வீட்டுக்குள் சேர்க்காதே. தனியாக இருந்து இருந்து உனக்கு மனசு சரியில்லை.

எட்டாவது வாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேல்ராஜா ஏரியில் முழுகிச் சாகிறான். ராஜவேல் கரையில் நின்று பார்க்கிறான். உடனே வரைந்து பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பு.

எட்மண்ட்


சேலையூர்
2.8.1968

அன்புள்ள எட்மண்ட்,

வரையவில்லை.

அவன் ஞாயிறுதோறும் வருகிறான். செடிக்கு ஊற்றுகிறேன் என்று கொதிக்கிற வெந்நீரை ஊற்றிவிட்டான், குரோட்டன்ஸ் எல்லாம் கருகிப்போயிற்று. பக்கத்து வீட்டுத் தனம் வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டு, "இன்னா சார், உங்க சினேகிதரு கண்ணு இமைக்கவே மாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். அன்று முழுக்க அவன் பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் மெட்டில்டா கடைசியாக என்ன பேசினாள் என்று அவன்தான் கேட்டான். ஒரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. ஜுரத்தில் அவள் உன்னைத்தான் விசாரித்தாள், எட்மண்ட் அண்ணன் வந்தாச்சா என்று. அதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டான், முழுவதும் கேட்டான். அவனை எப்படி நான் தண்ணீரில் முழுக்குவேன்?

ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

அசரியா


பம்பாய்
16.8.1968

அன்பு அசரியா,

வந்தேன். போன ஞாயிறு பகல் ஒரு மணிக்கு உன் வீட்டு கேட்டில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எதிரே என் முதுகு தெரிந்தது. இடது கையால் உனக்குப் பரிமாறினான், குழம்பு பாதி மேஜையில் கொட்டியது. நீ அதைத் துடைத்தபடியே பேசிக்கொண்டிருந்தாய். மெட்டில்டா பெயர் என் காதில் விழுந்தது. நீ அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் லீவே கேட்கவில்லை, அசரியா. அழுகிற வீட்டில் வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

எட்டாவது வாரம் வேண்டாமென்று ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். இனி நான் எழுதப்போவதும் இல்லை. அவன் உன்னுடனே இருக்கட்டும்.

கேட்டைத் திறக்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான். என் முகம்தான். இமைக்கவில்லை. இடது கையை ஆட்டினான். வா என்றானா, போ என்றானா தெரியவில்லை. நீ தலை குனிந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாய்.

உன் வீட்டுப் படிக்கு ஆறு தப்படிகூட இல்லை. நான் தாம்பரம் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன்.

எட்மண்ட்