இன்ஜினில் நிற்கும் இரண்டாவது ஆள்

1931 மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தோல் பதனிடும் ஷாப் பக்கத்து நாற்றக் காற்று. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. தேக்குப் பலகை வந்து இறங்கியது. இரண்டில் வெடிப்பு, திருப்பி அனுப்ப வேண்டும்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. மரத்தில் ரயில் இன்ஜின், ஐந்தடி நீளம். சக்கரம் சுற்ற வேண்டும், கம்பி அசைய வேண்டும். ஜோலார்பேட்டை ஷெட்டில் ஓய்வு பெறும் டிரைவருக்குப் பரிசாம். கமிட்டி செயலாளர் நாயுடு, குண்டக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்தவர், முன்கதை எதுவும் தெரியாதவர், கடை வாசலில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மரம் ஒட்டும் வச்சிரம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். டிரைவர் பெயரைச் சொன்னார். கிளறிய கை நின்றுவிட்டது.

அந்தப் பெயரை இதில் முழுதாக எழுத மனமில்லை. ரா. போதும்.

நாயுடு போனதும் அண்ணன் உள்ளே வந்தார்.

"வேணாம் எஸ்தர். முடியாதுன்னு சொல்லி அனுப்பிடறேன்."

"வாங்கிக்கோண்ணா. நுணுக்க வேலை பூரா நான் செய்றேன்."

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு உனக்கு?"

அடுப்புப் பக்கம் திரும்பினேன். வச்சிரம் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

சக்கர வேலை. ஆரக்கால்களை ஒவ்வொன்றாகச் சீவி எடுத்தேன். கட்டைவிரலில் கொப்புளம். அப்பா அண்ணனுக்கு இழைப்புளியையும் எனக்குச் சிற்றுளியையும் கொடுத்துவிட்டுப் போனார். சபைப் பிரசங்க மேடையில் ஓடும் திராட்சைக்கொடி என் கை. வெளியே எல்லாம் அண்ணன் பெயர்தான். இந்த முறை அது நல்லதாகப் போயிற்று.

ஒருமுறையாவது எழுதி வைக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் இஸ்ரவேல் ரா.வின் இன்ஜினில் ஃபயர்மேன். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய், நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் இன்ஜின் மோதியது. ரா.வுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவர் இன்ஜினுக்கும் கரிவண்டிக்கும் நடுவில். வேலூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம்வரை இருந்தார், நினைவு தப்பாமல். "சிவப்பு சிவப்புன்னு கத்தினேன் எஸ்தர். போதையில திரும்பிக்கூடப் பாக்கல அவரு" என்றார்.

விசாரணையில் ரா. சொன்னது: குடித்திருந்தது ஃபயர்மேன், பிரேக் போடச் சொல்லியும் போடவில்லை. நானும் போய்ச் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சாராயக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காத மனுஷர். அன்றிலிருந்து நான் இந்த ஊரில் குடிகாரன் பொண்டாட்டி.

மார்ச் 9, திங்கள்

நாயுடு வந்து பார்த்தார். புகைபோக்கி இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டுமாம். செய்யலாம். இன்ஜின் கூண்டில் இரண்டு பொம்மைகளும் வேண்டுமாம்.

"டிரைவர் முகம் அச்சு அசலா இருக்கணும். ஃபயர்மேன் சும்மா ஒரு ஆள்தானே, எந்த முகமா இருந்தா இன்னா."

சும்மா ஒரு ஆள்.

மத்தியானமே ஜோலார்பேட்டைக்குப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். ரா. ஷெட்டிலிருந்து வந்தான். மூக்கின் இடப்பக்கம் மரு. தொங்கிய கீழுதடு. கழுத்தில் மடிப்பு. முன்பைவிடச் சதை ஜாஸ்தி. பேத்தி போலிருக்கிறது, ஒரு பெண்குழந்தைக்கு வாழைப்பழம் உரித்து, நாரை எடுத்துக் கொடுத்தான். அதைப் பார்த்து என் மனம் இளகியதா? இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 14, சனி

பொம்மைக்கு வெப்பாலை. வெள்ளை மரம், உளிக்கு இணங்கும்.

ரா.வின் முகம் ஒரே காலையில் முடிந்தது. மருவைக்கூட மறு உளி படாமல் வைத்தேன். என் வீட்டுக்காரர் முகத்துக்கு நான்கு நாள். இரண்டு தலைகள் அடுப்புக்குப் போயின. தினமும் நினைக்கிற முகம்தானே என்று உட்கார்ந்தேன், மரத்தில் வரவில்லை. கடைசியில் அண்ணனைக் கேட்க வேண்டியதாயிற்று.

"அவருக்குப் புருவத்துல வெட்டு எந்தப் பக்கம்?"

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"இடது" என்றார்.

அதைக் கேட்க வேண்டி வந்ததற்கும் சேர்த்து ரா. பதில் சொல்லட்டும்.

கரி அள்ளுகிற மாதிரி செய்யவில்லை. வலக்கை முன்னால் நீட்டி, முகம் ரா. பக்கம் திரும்பி, வாய் திறந்து கத்துகிறார். ரா. வேறு பக்கம் பார்க்கிறான். அவர் காலிலிருந்து தரைப் பலகைக்குள் ஆணி இறக்கி, வச்சிரம் விட்டு ஒட்டியாயிற்று. பலகையை உடைக்காமல் எடுக்க முடியாது.

மார்ச் 21, சனி

ஒப்படைத்தாயிற்று. நாயுடு குனிந்து கூண்டுக்குள் பார்த்தார்.

"ஃபயர்மேன் இன்னா பண்றான்?"

"சிக்னல் காட்டறாரு" என்றேன்.

"ஓ. நல்லா இருக்கு, நல்லா இருக்கு."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையில் பூரா மரத்தூள். நீலப் புடவை துவைக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை விழாவுக்கு.

மார்ச் 28, சனி

வழியனுப்பு விழா. அண்ணன் வரமாட்டேன் என்றார், பிறகு வந்தார். பந்தலில் கடைசி வரிசை. தோரணம், சோடா, பெரிய அதிகாரி பேச்சு. ரா. கழுத்தில் மாலை.

துணியை விலக்கியதும் கைதட்டல். ரா. சிரித்தபடி சக்கரத்தைத் தடவினான். கூண்டுக்குள் தன் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தான். அப்புறம் பக்கத்து முகத்தைப் பார்த்தான்.

நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. முன்வரிசையிலிருந்து கபூர் பாய், இவரோடு வேலை பார்த்த பழைய ஃபயர்மேன், எழுந்து போய்ப் பார்த்தார். "அட, நம்ம இஸ்ரவேலு" என்றார். இன்னும் நான்கைந்து பேர் போனார்கள். நீட்டிய கையைப் பார்த்தார்கள், திறந்த வாயைப் பார்த்தார்கள், ரா.வைப் பார்த்தார்கள். பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது.

நன்றி சொல்ல எழுந்தவன் கூண்டை மறுபடி பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். மாலையைக் கழற்றவும் மறந்துபோனான்.

ஸ்டேஷனில் அண்ணனிடம் பஜ்ஜி வாங்கச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசி.

மார்ச் 31, செவ்வாய்

வேலூர் லாங் பஜாரிலிருந்து மரம் தேய்க்கும் உப்புத்தாள் வரவில்லை.

ரா.வின் மருமகன் வந்தான். சின்ன வயசு, மரியாதையாகப் பேசினான்.

"மாமா சரியா சாப்பிடறதில்ல. கூடத்துல வெச்சிருக்கோம், வர்றவங்கெல்லாம் அது யாருன்னு கேக்கறாங்க. அந்த ஒரு பொம்மைய மட்டும் எடுத்துடுங்கம்மா."

"அவர் நேர்ல வரட்டும். வந்து, அன்னிக்கி நடந்ததச் சொல்லட்டும்."

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஆராதனை நீளம். மன்னிப்பைப் பற்றித்தான் பிரசங்கம். நான் மேடையிலிருக்கும் திராட்சைக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இலை சரியில்லை.

ஏப்ரல் 4, சனி

ரா. வந்தான். மாட்டுவண்டியில் இன்ஜின், கூட மருமகன். கடையில் அண்ணன், வேலையாள் இரண்டு பேர். வாசலில் இன்ஜினை இறக்கி வைத்ததும் தெருவில் ஆள் கூடிவிட்டது.

உள்ளே வந்து சொல்கிறேன் என்றான். இங்கேயே என்றேன்.

என்னவோ முணுமுணுத்தான்.

"கேக்கல."

"நான்தான் குடிச்சிருந்தேன். அவன் கத்தினான். நான் பாக்கல."

"அவன் இல்ல. அவரு."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அவரு கத்தினாரு. அவரு குடிக்கல. நான் பொய் சொன்னேன்."

எதிர்வீட்டு மரியம்மா, என்னைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறவள், கதவைப் பிடித்தபடி நின்று கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள்.

"இப்ப எடுத்துடும்மா" என்றான்.

"வந்து சொல்லுங்கன்னுதான் சொல்லி அனுப்பினேன். எடுக்கறேன்னு சொல்லல."

அண்ணன் என் தோளைத் தொட்டார். "போதும் எஸ்தர்."

"போதலண்ணா."

ரா. வண்டிப் பக்கம் திரும்பினான். அப்புறம் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றான்.

"கமிட்டி உங்களுக்குக் கொடுத்தது. உங்க கூடத்துலதான் இருக்கணும். விட்டுட்டுப் போனா நானே கொண்டாந்து வெப்பேன்."

மருமகன் ஒரு பக்கம், ரா. ஒரு பக்கம் தூக்கினார்கள். கனம். ரா.வுக்கு மூச்சு வாங்கியது. நான் உதவவில்லை. வண்டிக்காரனிடம் மட்டும் சொன்னேன்:

"பாத்து ஏத்துப்பா. நீட்டின கை உடைஞ்சிடப் போவுது."