மூன்றாவது ஸ்கேனில் வந்த சரிவு

மார்ச் 3, செவ்வாய்

கணக்கு முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு முதியவர்கள், வருடத்துக்கு ஒரு மூளை ஸ்கேன், ஐந்து வருடம். பாதிப் பேர் எங்கள் உடற்பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்கள், மீதிப் பேர் வராதவர்கள். வருகிறவர்களின் மூளைதான் வேகமாகச் சுருங்குகிறதாம்! தலைகீழாக நின்று பார்த்தும் அதேதான். அடுத்த மாதம் ஆய்வை மேற்பார்க்கும் குழு கூடி வகுப்பை மூடிவிடும் என்றார் துறைத் தலைவர். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மாமனாரும் அந்த வகுப்பில்தான். ஸ்கேன்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்; எந்த எண் அவருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அத்தை இறந்த பிறகு ஒரு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். அவரை எழுப்பி வெளியே இழுத்தது அந்த வகுப்பு.

மார்ச் 4

மாமாவிடம் சொல்லவில்லை. இன்று ஒற்றைக் காலில் பதினெட்டு விநாடி நின்றாராம், சாப்பாட்டு மேஜையில் அதே பெருமை.

மார்ச் 9, திங்கள்

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒவ்வொருவரின் ஐந்து ஸ்கேன் அளவுகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து, எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று மட்டும் பார்த்திருந்தேன். இன்று கோட்டை எடுத்துவிட்டு வெறும் புள்ளிகளைப் பார்த்தேன். வகுப்புக்காரர்களிடம் வேகமான சரிவே இல்லை, ஒரு படி இருக்கிறது. மூன்றாவது ஸ்கேனில் எல்லாரும் ஒன்றாக ஒரு படி இறங்குகிறார்கள். பிறகு மெதுவாகத்தான் போகிறார்கள். இயந்திரம் மாறியதா? இல்லை, வராதவர்களும் அதே இயந்திரத்தில்தான் படுத்தார்கள், அவர்களிடம் படி இல்லை. அப்படியானால் என்ன?

மார்ச் 14, சனி

ஸ்கேன் கஷ்டமாக இருக்கிறதா என்று மாமாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"வகுப்பு முடிஞ்ச கையோட படுக்க வைக்கிறாங்கம்மா. முக்கால் மணி நேரம் அசையக் கூடாது. நடுவுல ஒண்ணுக்கு வந்தா என்ன பண்றது? அதான் நாங்க எல்லாரும் பேசி வெச்சு, காலையிலேர்ந்தே தண்ணி குடிக்கிறதில்ல."

வேர்வை கொட்டி, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் படுத்தால் மூளை கொஞ்சம் சுருங்கித்தான் தெரியும். முதல் இரண்டு வருடம் ஸ்கேன் வேறு நாளில் நடந்தது. இரண்டு அலைச்சல் என்றால் வராமல் போய்விடுவார்கள் என்று இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தது யார்? நான். கைதட்டலும் வாங்கிக்கொண்டேன். எங்க போய் முட்டிக்கிறது?

மார்ச் 16, திங்கள்

தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் யோசனைதான் காரணம் என்பதையும் சேர்த்துத்தான். பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குழு கூடுறதுக்குள்ள எத்தனை பேருக்குத் திரும்ப ஸ்கேன் எடுக்க முடியும்?" என்றார்.

மார்ச் 24

வகுப்பில்லாத நாட்களாகப் பார்த்து, வகுப்புக்கு வருகிறவர்களிலும் வராதவர்களிலும் இருபது இருபது பேருக்கு மறு ஸ்கேன். எல்லாருக்கும் இரண்டு டம்ளர் தண்ணீர், கழிவறைக்குப் போக நேரம். பயப்பட வேண்டாம், அவசரமென்றால் நடுவில் எழுப்பி விடுவேன் என்று ஸ்கேன் எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்யாத குறை.

ஏப்ரல் 10, வெள்ளி

படி இல்லை!

ஒரு வருடத்தில் சுருங்கக்கூடிய அளவு வெறும் வேர்வையில் போயிருக்கிறது. புது ஸ்கேன்களை வைத்துக் கணக்கிட்டால், வகுப்புக்கு வருகிறவர்கள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் சுருங்குகிறார்கள். கொஞ்சம்தான் மெதுவாக. நாற்பது பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கெடுதல் இல்லை, அதைச் சொல்லலாம். கழிவறையில் போய் அழுதேன், நல்ல அழுகைதான்.

ஏப்ரல் 18, சனி

நேற்று குழு கூடியது. வகுப்பு இன்னும் இரண்டு வருடம் நடக்கும். என் தவறு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, நானே எழுதினேன்.

நாற்பது தாண்டியவர்களுக்கு மாலையில் தனியாக ஒரு வகுப்பும் தொடங்குகிறார்களாம். மாமா என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்கு எங்கே நேரம் என்றேன்.

"உனக்கும் சுருங்கும்ல?" என்கிறார்.