நாலாவது பக்கம்

அண்ணே,

புடவை முந்தானையில் கல் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதறினாலும் போகவில்லை. காலையிலிருந்து கல் கொத்துகிற சிங்கள மேஸ்திரி, நம் பாஸ், உங்கள் தூணில் வேலை செய்தார். நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று அவரிடம் வேலை வாங்கிய அன்றும் இதே மணம்தான் வந்தது.

உயிரோடு இருக்கும்போதே தனக்கு நினைவுத் தூண் வைத்துக்கொண்டவர், எனக்குத் தெரிந்து, நீங்கள் ஒருவர்தான். பங்களா மேட்டில் பழைய வெள்ளைக்காரத் துரைக்கு ஒன்று நிற்கிறதே, அதைப் பார்த்து வந்த ஆசை. தோட்டத்துத் தலைவராயிற்றே, கோயில் கூட்டத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள்.

"இதுக்குப் பேரு ஒபெலிஸ்க். நாலு பட்டையா எழும்பி, உச்சி கூரா முடியும். ஒரே கல்லுல செய்யணும். எகிப்து ராசாக்க சூரியனுக்கு வச்சாங்க, துரைமாரு செத்தவங்களுக்கு வச்சாங்க. நம்மள்ல ஒருத்தனுக்கும் இருக்கணும்ல?"

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஒருத்தன் யார் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஒரே கல் என்றீர்கள். வந்து இறங்கியது மூன்று துண்டு. சிமெந்து வைத்து ஒட்டினீர்கள்.

நம் ஆட்களின் குழிக்குக் கல் ஏது? மண்மேடு, தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். ரப்பர் மலைச் சரிவில் இருக்கிற அந்த இடுகாட்டில் சமமான இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் காய்ச்சலில் போன என் மகள் பவானி கிடந்தாள். நான் நட்ட குரோட்டனை நீங்களே பிடுங்கினீர்கள்.

"மேடெல்லாம் கரைஞ்சு போச்சு. இனி அங்க என்னா இருக்கு? எந்திரி தங்கச்சி, ஆளுங்க பாக்குறாங்க."

மண்வெட்டியை ஓங்கிய பாஸ், செடி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "மேக சொஹொனக் நேத?" என்றார். இது குழியில்லையா என்று கேட்டார். சிங்களத்தில் கேட்டால் எனக்குப் புரியாது என்றா நினைத்தீர்கள்?

"நே, பாஸ்" என்றீர்கள். இல்லை என்று.

அந்த மண்வெட்டி இறங்கிய சத்தத்துக்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டீர்கள் என்பதற்காகவும் மன்னிக்கப் போவதில்லை.

இவ்வளவு செய்தும் உங்களுக்கு அந்த இடம் கிடைத்ததா? கொழும்பில் மகன் வீட்டில் கண்ணை மூடினீர்கள். அங்கேயே எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டான். செய்தி வந்த அன்று சிரித்தேன் அண்ணே, வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது தூணில் ஆடு கட்டுகிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் பீடத்தில் கத்தி தீட்டுகிறார்கள். துரையின் தூணை விட உங்களுடையது உபயோகமாகத்தான் இருக்கிறது.

மூன்று பக்கம் உங்கள் பெயரும் பெருமையும். நாலாவது பக்கத்தை இறந்த தேதிக்கென்று வெறுமனே விட்டிருந்தீர்கள். போன வாரம் உங்கள் மகன் கூப்பிட்டான். "அத்தை, அப்பா தேதிய மட்டும் நீங்க நின்னு வெட்டவச்சிருங்க. எனக்கு லீவு இல்ல." சரி என்றேன்.

அதே பாஸ்தான் வந்தார். தலை நரைத்துவிட்டது. தமிழ் பேசினால் அவருக்குப் புரியும், எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன், அவர் கோடு பிசகாமல் கொத்தினார். கடைசி எழுத்தையும் முடித்து, வாயால் ஊதித் தூளைத் தள்ளிவிட்டு, "மாத்தயாகே நம நேத?" என்றார். ஐயாவின் பெயர்தானே என்று கேட்டார்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல், அண்ணே. இத்தனை நாள் அதை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் இருந்தேன்.

"நே, பாஸ். என் மகளோட பேரு" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.