வெள்ளை மாவு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? நாலு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா?

உன் அத்தானுக்கு இருமல் நின்றபாடில்லை. இன்னொரு குளிர்காலம் வீட்டைச் சூடாக்கும் கரியடுப்புப் புகையில் இருந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நீ சொன்ன ஏற்பாட்டையே ஆரம்பித்துவிட்டேன். பின்பக்கம் ஆழ்துளை போடும் போர் வண்டி நிற்கிறது. குழாய் இறக்கினால் குளிர்காலத்தில் மண்ணின் சூடு மேலே வருமாம், கோடையில் வீட்டுச் சூடு மண்ணுக்குள் போகுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இருநூற்றைம்பது அடியில் ஏதோ வெள்ளை மாவு வந்தது. போர்க்காரர், "இதோட நிறுத்திடலாம்மா, பக்கத்துல இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்கிறார். பக்கத்தில் போட்டால் அத்தானின் மாதுளை மரம் போய்விடும். உன் பேச்சுதான் எனக்கு வேதம். என்ன செய்ய?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நானூற்றைம்பது அடி போகச் சொல். ஒரே துளை போதும். சுரங்கத்தில் இருபது வருடமாகப் போர் போடுகிறவன் சொல்கிறேன், அந்த ஆள் சோம்பேறி. மாதுளையை வெட்டாதே. பழுத்ததும் எனக்கு நாலு எடுத்து வை.

உன் குட்டித் தம்பி

நவம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

கரியடுப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. உன் அத்தான் இருமாமல் தூங்குகிறார். எத்தனை வருடம் ஆயிற்று! உன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

ஒரு வேடிக்கை கேள். வீடு வளர்கிறது. சமையலறைத் தரை மேடாகிவிட்டது. மேசையிலிருந்து விழுந்த மாதுளை உருண்டு வாசல்வரை போயிற்று. கதவெல்லாம் இறுகுகிறது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவர் மயிரிழை போல வெடித்திருக்கிறது. போர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காபியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்குத் துளையின் அடியில் தண்ணீர் பீய்ச்சியபோதே, துளையை அடைக்கச் சிமெண்ட் கலவை ஊற்ற ஊற்ற அது எங்கேயோ போனபோதே அவருக்கு முகம் சரியில்லை. நான்தான் உன் கடிதத்தைக் காட்டி வேலையை முடிக்கச் சொல்லி விரட்டினேன்.

அக்கா

நவம்பர் 12

அக்கா,

போன் போட்டேன், மணியே அடிக்கவில்லை. மண் தூக்கியதில் கம்பி அறுந்திருக்கும். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அந்த வெள்ளை மாவு கெட்டியான கல்லிலிருந்து வந்தது. காய்ந்திருக்கும்வரை அது சாது. அடித்தண்ணீர் மேலே ஏறிப் பட்டால் உப்பி வீங்கும், வீங்கிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அடைக்காத துளை வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மாவு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் கர்வம் கேட்கவிடவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இதைக் கண்டதும் அத்தானைக் கூட்டிக்கொண்டு வெளியேறு. உன் காலில் விழுகிறேன்.

தம்பி

நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. வாசல் கதவு திறக்கவில்லை. தபால்காரர் சுவர் வெடிப்பு வழியாக நுழைத்தார்.

அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க போறது? எல்லா வீட்லயும் கரியடுப்புதான்" என்றார். உண்மைதான். ஜன்னல் வழியாக இறங்கிவிடலாம். ஆனால் வெளியே போனால் அவர் மூச்சு பத்து நாள் தாங்காது. உள்ளே இருந்தால் வீடு எத்தனை நாள் தாங்கும்? அதை மட்டும் சொல். உன்மேல் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஜன்னல் வழியாக இறங்கி, பின்பக்கம் போர் போட்டபோது குவிந்ததிலிருந்து ஒரு பிடி வெள்ளை மாவு எடுத்து உறைக்குள் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுச் சொல்.

தபால்காரர் வெளியே நிற்கிறார். நேற்றுக் கடிதம் மட்டும் நுழைந்த வெடிப்பில் இன்று அவர் கையே நுழைகிறது. கொடுத்துவிடுகிறேன்.

அக்கா