ஒரே நடையில் இறங்கும் டமாரம்

மார்ச் 4

என் மருமகள் டமாரத்துக்கு மாமா எழுதுவது.

உன் புருஷன் நேற்று நம் பாத்திரக் கடைக்கு வந்திருந்தான். இனிமேல் அவனுடைய குழுவில் நீ டிரம் வாசிக்கவில்லை, சொந்தமாக வேன் வைத்திருக்கிற ஒருவர் உன் இடத்துக்கு வந்துவிட்டார் என்று சொன்னான். சொல்லிவிட்டு இரண்டு டீ குடித்தான். கடையில் ஆள் இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போனில் கேட்டால் "ஆமா மாமா, பரவாயில்ல மாமா" என்று இரண்டே வார்த்தையில் கடையைச் சாத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அவன் சொன்ன காரணம், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, காரையும் விற்றாயிற்று, உன் டிரம்மை இறக்கி ஏற்ற ஒரு பட்டாளம் வேண்டும் என்பது. காரணம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியான காரணத்தைச் சொல்கிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்வான். இவன் எவர்சில்வர் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நான் பாத்திர வியாபாரி, எனக்குச் சங்கீதம் தெரியாது. நீங்கள் வாசிக்கிற சர்ஃப் இசையில் பாடுகிறவரே கிடையாது, கிட்டார்தான் பாடும் என்பதுகூட நீ சொல்லித்தான் தெரியும். அந்தக் கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி எதிரொலியோடு தலைதெறிக்க ஓடுகிறது. பின்னால் நீ அடிக்கிற அடி இல்லாவிட்டால் என் மகன் எங்கேயாவது போய் முட்டிக்கொள்வான். இது எனக்கே தெரிகிறது.

நீ இதற்குச் சம்மதித்தாயா? அதை மட்டும் எழுது. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று அத்தை கேட்டாள்.

உன் மாமா

*

மார்ச் 9

மாமாவுக்கு வணக்கம்.

சம்மதம் கேட்டிருந்தால்தானே கொடுப்பதற்கு? உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். "முதுகு வலிக்குதுன்னியே, ஒரு மாசம் ஓய்வெடு" என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அக்கறை என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன், பாருங்கள்.

கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். இவர் படித்துப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஏன் சொன்னேன் என்றே தெரியவில்லை என்றார். "என்கிட்ட ஏன் சொல்லலைன்னாவது தெரியுமா?" என்று கேட்டேன். ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கப் போய்விட்டார். அதில் தூசியே இல்லை மாமா. நான்தான் காலையில் துடைத்தேன்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். பெரிய டிரம் செட்டை விற்றுவிட்டு, கச்சிதமான சின்ன செட் ஒன்று வாங்கியிருக்கிறேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, நான் ஒருக்களித்து நுழைகிற அளவு இடத்தில் நின்றுவிடுகிறது. இவர் பார்த்துவிட்டு, "குழந்தைங்க வாசிக்கிறதா?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்தச் சின்ன செட்டுக்கு வயிறே இல்லை. பெரியதில் காலால் மிதித்தால் நெஞ்சுக்குள் வந்து விழும். இதில் அட்டைப்பெட்டியை உதைத்த மாதிரி இருக்கிறது. சின்னதாக வாங்கியும் பை என்னவோ நாலு. மாடிப்படியில் மூன்று நடை. வாங்கின இடத்தில் முதலில் கூப்பிட்ட டாக்சிக்காரர் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியதும் போச்சு, சின்னதும் உதவவில்லை.

அத்தையிடம் முதுகு தேவலை என்று சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 13

அன்புள்ள டமாரத்துக்கு,

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டைப் பிரித்துவிட்டேன். உடைந்தது உன் வீட்டில். மாமாவுக்கு வருத்தம்தான். ஆனால் என்றைக்காவது தெரிய வேண்டிய சரக்கு, இன்றைக்கே தெரிந்தது நல்லது.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். நாலு பை எதற்கு? பெரியது, நடுவாந்திரம், சின்னது என்று மூன்று உருண்டை இருப்பதாக நீ முன்பே சொல்லியிருக்கிறாய். உலகத்தில் எவனாவது பாத்திரத்தைத் தனித்தனியாகக் கட்டுவானா? கடை வைப்பதற்கு முன்னால் ஒரு சைக்கிளின் பின்னால் முழுக் கடையையே கட்டிக்கொண்டு போனவன் நான். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் வெளியே தெரிவது ஒரே பாத்திரம்தான்.

இரண்டு பக்கமும் தோல் இருக்கிறதே, எப்படி உள்ளே போடுவது என்பாய். நீ அடிப்பது ஒரு பக்கம்தானே? அடிக்காத பக்கத்துக்குத் தோல் எதற்கு? கழற்றி வை. மூடி போட்ட பாத்திரம் அடுக்கில் நிற்காது.

உன் மாமா

*

மார்ச் 18

மாமாவுக்கு,

தோல் என்ன மூடியா? நான் அடிக்கிற தோல் அதிர்ந்தால் அடுத்த பக்கத்துத் தோலும் கூட அதிரும். அந்த இரண்டாவது அதிர்வில்தான் நாதம் நீளும். அதைக் கழற்றச் சொல்வது, பாத்திரத்துக்கு அடிப்பாகம் எதற்கு என்று கேட்கிற மாதிரி. உங்கள் கடையில் வந்து நான் இப்படி யோசனை சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆயிற்று. நல்ல வேளை, தபாலில் போடவில்லை. கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன், படித்துச் சிரியுங்கள்.

நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் கழற்றினேன். பெரியதில் முன்தோல், நடுவாந்திரத்தில் கீழ்த்தோல். சின்னது நடுவாந்திரத்துக்குள் போனது, அது பெரியதுக்குள் போனது. உங்கள் கடைப் பாத்திரம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. சரி, வாசித்தால் கேவலமாகத்தானே இருக்கும் என்று மறுபடியும் எடுத்து வைத்து மிதித்தேன். "தும்" என்று நின்றுவிட்டது. இழுக்கவே இல்லை.

பக்கத்து அறையில் இவர் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். எதிரொலி நீளமாக இழுத்துக்கொண்டு போயிற்று. நான் சும்மா கூடவே அடித்தேன். மாமா, அவருடைய ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது! பெரிய செட்டில் இத்தனை வருஷம் என் ஓசையும் இழுக்கும், அவருடையதும் இழுக்கும், இரண்டும் சேர்ந்து கலங்கின தண்ணீர் மாதிரி இருக்கும். இந்த இசைக்கு இழுக்கிற வேலை கிட்டாருடையது. நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அதோடு இன்னொன்று புரிந்தது. பெரியதைப் போலப் பேசட்டும் என்று அடிக்கிற தோலைத் தளர்த்தி வைத்திருந்தேன். அதனால்தான் அட்டைப்பெட்டி. இறுக்கினேன். சின்னது சின்னதாகவே பேசியது. குரல் கணீரென்று இருக்கிறது.

கிட்டார் பாதியில் நின்றது. கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். நானும் அடித்தேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 22

டமாரத்துக்கு,

இரண்டு தடவை படித்தேன். அத்தைக்கும் படித்துக் காட்டினேன். நான் சொன்னது மூட்டை கட்டுகிற வழி. அதில் ஓசையைக் கண்டுபிடித்தது நீ. என் காதில் ஆயிரம் வருஷமானாலும் அது விழுந்திருக்காது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், நீ தடுக்கக் கூடாது.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறாரே, உன் சத்தத்துக்குக் கூரையைக் குச்சியால் இடிக்கிறவர். அவரிடமே ஒரு பை தைத்து வாங்கு. தடித்த கேன்வாஸ், அடியில் இரட்டைத் துணி, பாத்திரத்துக்குப் பாத்திரம் நடுவே மெத்தைத் துணி. கூலியைப் பேசிவிட்டுக் கொடு.

ஒரு விஷயம். கேட்காத இடத்தில் சரக்கை இறக்காதே. அவன் வாயைத் திறந்து கேட்கட்டும்.

உன் மாமா

*

மார்ச் 29

மாமாவுக்கு,

கேட்காத இடத்தில் சரக்கை இறக்கப் போகிறேன். திட்டாமல் படியுங்கள்.

சனிக்கிழமைதோறும் குழு வாசிக்கிற கடற்கரைச் சாப்பாட்டு விடுதியை உங்களுக்குத் தெரியும். மேடை என்று ஒன்றும் கிடையாது, மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலைதான். போன வாரம் வேன்காரர் தன் செட்டை விரித்ததில் இரண்டு மேஜையை எடுத்து வெளியே போட்டார்களாம். அவர் நன்றாக வாசிக்கிறவர், கை சுத்தம். ஆனால் அந்த டிரம் பெரிய மைதானத்துக்கு ஆனது. கிட்டாரே கேட்கவில்லையாம், சாப்பிடுகிறவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தினார்களாம். இனிமேல் டிரம் இல்லாமல் வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேறு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெட்கமா, பயமா, தெரியாது.

நானே சொல்லிவிட்டேன். "இந்தச் சனிக்கிழமை நான் வரேன். அன்னைக்கு மட்டும்." மேஜை நகராமல், சத்தம் ஏறாமல் வாசித்தால் சரி என்று முதலாளியும் ஒத்துக்கொண்டார். அந்த இசையை டிரம் இல்லாமல் அவர் வாசித்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு அவராகக் கேட்டால்தான். கேட்காவிட்டால் சின்ன செட்டையும் விற்றுவிடுவேன். சுவரோடு வாசிக்க எனக்குப் பிரியமில்லை.

பை வந்துவிட்டது. தையல்காரர் தோள்பட்டைக்குப் பஞ்சு வைத்துத் தந்தார். கூரையை இடிப்பதில்லை இப்போது. அன்றைக்கு வேகமாக அடித்தாயே அது என்ன பாட்டு என்று கேட்டார்.

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 8

என் டமாரத்துக்கு,

உன்னிடம் சொல்லாமல் சனிக்கிழமை நான் அங்கே வந்தேன். கதவுக்குப் பக்கத்து மேஜை. நீ டிரம்முக்குப் பின்னால் இருந்தாய், உனக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ பஸ்ஸிலிருந்து இறங்கினதைப் பார்த்தேன். முதுகில் ஒரு மூட்டை, தோளில் ஒரு பை. அவ்வளவுதான். மூலைக்குப் போய் அவிழ்த்தாய். ஒன்றுக்குள்ளிருந்து ஒன்று வெளியே வர, பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இன்னும் என்ன வரப் போகிறதென்று பார்த்தார்கள். நீ எல்லாவற்றையும் நிறுத்தி, உட்கார்ந்து, முடியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உன் புருஷனும் குழுவில் இன்னொரு கிட்டார் வாசிக்கிற அந்த நெட்டையனும் ஆம்ப்ளிஃபயரை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்கள். யாரால் பாரம் என்று சொன்னான் என் மகன்? எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

பாத்திரம் என்றால் நான் தட்டிப் பார்த்தே கனம் சொல்லிவிடுவேன். அந்தக் காதை வைத்துச் சொல்கிறேன், அன்றைக்கு நீ தட்டியதில் ஒரு தட்டுகூட வீண் இல்லை. கிட்டார் மேலே ஏறி ஏறிப் போயிற்று. நீ சின்னதில் ஆரம்பித்து நடுவாந்திரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து காலில் முடித்தாய். அலை எழும்பிக் கரையில் விழுகிற கணக்கு அது. என் மேஜைத் தண்ணீர் ஆடவில்லை, ஆனால் எல்லார் காலும் ஆடியது. படியில் தட்டோடு ஏறிய பரிமாறுகிறவர் நடுப்படியிலேயே நின்றுவிட்டார். அடுத்த மேஜை அம்மா, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். "என் மருமக" என்றேன். இவ்வளவு கர்வமாக நான் எந்தச் சரக்கையும் காட்டியதில்லை.

வேன்காரரும் வந்திருந்தார். பெரிய மனசு. இந்த மூலைக்கு என் டிரம்மைக் கொண்டு வந்ததே தப்பு, அந்தம்மா கிட்டாருக்கு வழி விட்டு அடிக்கிறாங்க என்று என்னிடமே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை உன் புருஷன் கடைக்கு வந்தான். "அப்பா, அவகிட்ட நீங்க பேசுங்க, நீங்க சொன்னா வாசிப்பா" என்றான். "போன தடவை நீ என்கிட்ட சொன்னே, நான் அவகிட்ட சொன்னேன், அந்த வியாபாரம் இனிமே இந்தக் கடையில கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டீகூடக் கொடுக்கவில்லை.

கேட்கிறானா என்று எழுது. கேட்டால் உடனே தலையாட்டிவிடாதே. என்ன ஏது என்று பேசி முடி. பேச்சு முடிந்தால் எனக்குத் தரகு உண்டு, மறந்துவிடாதே.

உன் மாமா

*

ஏப்ரல் 14

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

கேட்டார்.

நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, கழுவினதை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார். எல்லாம் துடைத்து முடிந்ததும் துடைக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம். முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "நீ இல்லன்னா நல்லா இருக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒவ்வொரு தடவையும் உன் டிரம்மை இறக்க ஆள் தேடி அலுத்துப்போச்சு. அலுத்துப்போச்சுன்னு உன்கிட்ட சொல்லப் பயம்" என்றார். பிறகு, "சனிக்கிழமை வருவியா? எல்லாச் சனிக்கிழமையும்?" என்றார்.

நீங்கள் சொன்னபடி தலையாட்டவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேசி முடித்ததை உங்கள் பாணியிலேயே எழுதுகிறேன்.

குழுவில் டிரம் என்னுடையது. பெரியதா சின்னதா, தோல் ஒன்றா இரண்டா என்று யாரும் சொல்லக் கூடாது. குழுவைப் பற்றி எதைச் சொல்வதானாலும் முதலில் என்னிடம், அப்புறம்தான் அப்பாவிடம். வருமானத்தில் நாலு பேருக்கும் சமபங்கு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடம் டிரம்முக்கு. என் மூட்டையை நான் தூக்குவேன், அவருடைய ஆம்ப்ளிஃபயரின் ஒரு நுனியைக்கூடத் தொட மாட்டேன். உங்கள் தரகு, எல்லாச் சனிக்கிழமையும் மாடிப்படிக்குப் பக்கத்து மேஜையில் இரண்டு நாற்காலி. சாப்பாட்டுச் செலவு உங்களுடையது.

உங்கள் மருமகள்